மதுரைக்கும் கோவைக்கும் நடுவே ஒரு அடைப்புக்குறி

திருப்பூர் காதர்பேட்டையில் ஒரு பனியன் மொத்த வியாபாரக் கடையில் ஒன்பது வருடமாகக் கணக்கு பார்க்கிறேன். படித்தது பி.காம். கம்ப்யூட்டரில் எனக்குத் தெரிந்தது டேலி, எக்செல், வாட்ஸ்அப், அவ்வளவுதான். 2023 ஜூன் மாதம், முப்பத்து மூன்று வயதில், பைத்தான் என்ற கணினி நிரல் மொழியைக் கற்றுக்கொள்ளலாம் என்று இறங்கினேன். அந்த வருடத் தீபாவளிக்கு முன்னால் நான் எழுதிய ஒரே ஒரு வரியால் கடைக்கு 34,160 ரூபாய் கையை விட்டுப் போனது. அதில் பாதி என் சம்பளத்தில் பிடித்தம். பெரிய விஷயம் எதிலும் நான் தப்பு செய்யவில்லை. அண்ட், ஆர், நாட் என்று முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுத்துவிட்டுத் தாண்டிப் போய்விடுகிற மூன்று சொற்களில்தான் வழுக்கி விழுந்தேன். கேட்க ஆள் இல்லாமல் தனியாக முட்டி மோதித் தெரிந்துகொண்டதை இங்கே எழுதி வைக்கிறேன். கட்டளைச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன்; கணினியில் அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடிக்க வேண்டும். மாறிகளுக்கு, அதாவது நிரலில் விவரங்களைப் போட்டு வைக்கிற இடங்களுக்கு, ஊர், தொகை என்று தமிழிலேயே பெயர் வைக்கலாம், பைத்தான் 3 ஏற்றுக்கொள்ளும். நான் அப்படித்தான் வைத்திருந்தேன்.

முதலில் சனி, ஞாயிறு வகுப்பு ஒன்றுக்கு 12,000 ரூபாய் கட்டினேன். அங்கே இந்த மூன்று சொற்களுக்குக் கிடைத்தது இருபது நிமிடம். பலகையில் ஒரு அட்டவணை போட்டார்கள். இரண்டும் உண்மையானால்தான் அண்ட் உண்மை, ஏதாவது ஒன்று உண்மையானாலே ஆர் உண்மை, நாட் என்றால் தலைகீழ். வாய்ப்பாடு மாதிரி எல்லோரும் சேர்ந்து சொன்னோம். இதில் புரியாமல் போக என்ன இருக்கிறது என்றுதான் நானும் நினைத்தேன். ‘உம்’மும் ‘அல்லது’வும் பேசத் தெரிந்த நாளிலிருந்து வாயில் புழங்குகிற சொற்கள். எனக்கு ஆப்பு வைத்ததே அந்தப் பழக்கம்தான். அது தெரிய நான்கு மாதம் ஆனது.

தீபாவளி நெருங்கும்போது எங்கள் கடையில் சில ஊர் பார்ட்டிகளுக்குத் தள்ளுபடி கொடுப்போம். பில்லில் கழிக்க மாட்டோம், பிறகு கிரெடிட் நோட்டாக, அதாவது பார்ட்டி கணக்கில் வரவு வைக்கிற சீட்டாகப் போடுவோம். வழக்கமாக இதை எக்செல்லில் இரண்டு நாள் உட்கார்ந்து செய்வேன். அந்த வருடம் முதலாளி கூப்பிட்டு, “தம்பி, மதுரைக்கும் கோயமுத்தூருக்கும் இந்தத் தடவ நாலு பர்சன்ட் குடுத்தரலாங்க” என்றார். நான் மனதுக்குள் சிரித்துக்கொண்டேன். இரண்டு நாள் வேலை, பைத்தானில் இரண்டு நிமிடம் என்று. செப்டம்பர் முதல் தேதியிலிருந்து போட்ட 640 பில்களை ஒரு கோப்பாக இறக்கினேன். முதலாளி சொன்னதை அப்படியே எழுதினேன்:

இஃப் ஊர் == "மதுரை" அண்ட் ஊர் == "கோவை":

இஃப் என்றால் ‘இப்படி இருந்தால்’, == என்றால் ‘சமமா’ என்ற கேள்வி. ஓட்டினேன். பட்டியலில் ஒரு பில் கூட வரவில்லை. பூஜ்யம். சிவப்பு எழுத்தில் பிழைச் செய்தியும் இல்லை. கோப்பு சரியாகத் திறக்கவில்லையோ, ஊர்ப் பெயருக்குப் பின்னால் வெற்றிடம் ஒட்டிக்கொண்டிருக்கிறதோ என்று இரவு பதினொன்றரை வரை தேடினேன். அப்புறம் ஒரு பில்லை மட்டும் எடுத்து வைத்துப் பார்த்தபோதுதான் மண்டையில் உறைத்தது. எந்தப் பில்லாவது ஒரே நேரத்தில் மதுரையாகவும் கோவையாகவும் இருக்க முடியுமா? முதலாளி “மதுரைக்கும் கோவைக்கும்” என்று சொன்னபோது அவர் கண்முன் இருந்தது ஒரு கூட்டம். இந்த ஊர்க்காரர்களும் வரட்டும், அந்த ஊர்க்காரர்களும் வரட்டும் என்கிறார். கணினிக்குக் கூட்டம் தெரியாது. அது வாசலில் நிற்கிற வாட்ச்மேன் மாதிரி, ஒவ்வொரு பில்லாக நிறுத்தி, “நீ மதுரையா, கோவையா?” என்று கேட்கிறது. அந்தக் கேள்விக்குத் தேவை ஆர். நாம் வாயால் ‘உம்’ போட்டுச் சொல்கிற எத்தனையோ விதிகள், ஒரே ஒரு ஆளைப் பார்த்துக் கேட்கும்போது ‘அல்லது’வாக மாறிவிடும். இன்றைக்கும் நிபந்தனை எழுதும் முன்னால் ஒரு பில்லைக் கற்பனையில் கையில் எடுத்து வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். இந்த ஒன்றை யாராவது முதல் நாளே சொல்லியிருந்தால் எனக்கு ஒரு ராத்திரி மிச்சமாகியிருக்கும்.

சரி என்று மறுநாள் இரவு மாற்றினேன். அதிலும் ஒரு கோணல்:

இஃப் ஊர் == "மதுரை" ஆர் "கோவை":

இப்போது 640 பில்களும் வந்து விழுந்தன. சேலம், நாகர்கோவில், பாண்டிச்சேரி, எல்லாம். படித்தால் வாக்கியம் எவ்வளவு ஒழுங்காக இருக்கிறது பாருங்கள். “ஊர் மதுரை அல்லது கோவை என்றால்.” மனிதன் இப்படித்தான் பேசுவான். ஆனால் பைத்தான் ஆரின் இரண்டு பக்கத்தையும் தனித்தனிக் கேள்வியாகப் பார்க்கிறது. இடப்பக்கம் “ஊர் மதுரையா” என்ற கேள்வி. வலப்பக்கம் வெறுமனே “கோவை” என்ற சொல் மட்டும் நிற்கிறது. ஊரோடு அதற்கு ஒரு சம்பந்தமும் இல்லை. மேற்கோள் குறிக்குள் இருக்கிற, காலியாக இல்லாத எந்த எழுத்துச் சரத்தையும் பைத்தான் உண்மை என்று எடுத்துக்கொள்ளும். ஆக, வலப்பக்கம் எப்போதும் உண்மை, முழு நிபந்தனையும் எப்போதும் உண்மை. இந்தப் பிழையைச் செய்யாத தொடக்கக்காரரை நான் இன்னும் பார்க்கவில்லை. எங்கள் தெருவில் பாலிடெக்னிக் படிக்கிற பையன் ஒருவனுக்கு இப்போது நான்தான் சொல்லித் தருகிறேன், அவனும் முதல் வாரமே இதைச் செய்தான். ஆருக்கும் அண்டுக்கும் இரண்டு பக்கமும் தனியாக வெட்டி எடுத்துப் படித்தாலும் முழுக் கேள்வியாக இருக்க வேண்டும். இல்லையென்றால் இன் என்ற சொல்லைப் பயன்படுத்தி, ஊர் இன் ["மதுரை", "கோவை"] என்று பட்டியலாக எழுதிவிடலாம். சுருக்கம், படிக்கவும் எளிது, இந்தக் குழியில் விழவே முடியாது. எனக்கு அப்போது இன் தெரியாது.

ஊர் == என்பதை இரண்டு பக்கமும் எழுதினேன். 171 பில் வந்தது. மதுரை 98, கோவை 73. டேலியில் பார்த்த எண்ணிக்கையும் அதுவே. வெற்றி! வீட்டில் எல்லோரும் தூங்கிவிட்டார்கள், சொல்ல ஆள் இல்லை. தனியாக எழுந்து போய் டீ போட்டுக் குடித்தேன்.

மறுநாள் காலையில் பட்டியலைக் காட்டினேன். முதலாளி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார். “இத்தன பேருக்கா? இருபத்தஞ்சாயிரத்துக்கு மேல போன பில்லுக்கு மட்டும் குடுங்க தம்பி” என்றார். சின்ன மாற்றம்தானே. வரியின் கடைசியில் ஒட்டினேன்:

இஃப் ஊர் == "மதுரை" ஆர் ஊர் == "கோவை" அண்ட் தொகை > 25000:

34,160 ரூபாய் வரி இதுதான். கொஞ்சம் நிறுத்திப் பாருங்கள், தப்பு எங்கே என்று தெரிகிறதா? எனக்குத் தெரியவில்லை. ஓட்டியபோது 171 பில் 133 ஆகக் குறைந்தது. எண்ணிக்கை குறைந்துவிட்டதல்லவா, நிபந்தனை வேலை செய்கிறது என்று நம்பிவிட்டேன். வெறும் நம்பிக்கையில் விடவில்லை, சோதித்தும் பார்த்தேன். கோவையில் 8,400 ரூபாய் பில் ஒன்று, பட்டியலில் இல்லை, சரி. கோவையில் 31,000, இருக்கிறது, சரி. மதுரையில் 42,000, இருக்கிறது, சரி. சேலத்தில் 50,000, இல்லை, சரி. நான்குக்கு நான்கு. ஆயுத பூஜைக்கு முந்தின சனிக்கிழமை மாலை, பட்டியலில் இருந்த எல்லோருக்கும் “உங்களுக்கு இவ்வளவு ரூபாய் கிரெடிட் நோட்” என்று கடை எண்ணிலிருந்து வாட்ஸ்அப் போனது. அதையும் நானே ஒவ்வொன்றாக அனுப்பினேன்.

பூஜை முடிந்து கடை திறந்த அன்று மதுரையிலிருந்து ஒரு பார்ட்டி முதலாளிக்குப் போன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டுப் பேசுவது முதலாளி வழக்கம். “அண்ணே, ரொம்ப சந்தோஷம்ணே. என் ஒம்பதாயிரம் ரூவா பில்லுக்குப் போயி முன்னூத்தி அறுபது ரூவா கொறச்சிருக்கீங்களே, சின்னக் கடைன்னு பாக்காம!” முதலாளி சிரித்துக்கொண்டே பேசி முடித்தார். போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். ஒன்றும் கேட்கவில்லை, பார்த்தார், அவ்வளவுதான். எனக்கு அடிவயிறு கலங்கியது. மதுரைப் பில்களைப் பேனாவால் டிக் அடித்துக்கொண்டே போனேன். 98 பில்லும் பட்டியலில் இருந்தன. அதில் 61 பில் இருபத்தைந்தாயிரத்துக்குக் கீழே. கூட்டினால் 8,54,000 ரூபாய். நாலு சதவீதம், 34,160. “தப்பா அனுப்பிட்டோம்னு இன்னொரு மெசேஜ் போட்டரலாங்களா அண்ணா?” என்று கேட்டேன். “குடுக்கறேன்னு சொல்லிப்போட்டு இல்லீன்னா, அடுத்த தடவ நம்ம பேச்ச எவனுங்க நம்புவான்?” என்றார். மாதம் 22,000 சம்பளம் எனக்கு. பாதியை நானே ஏற்றுக்கொள்கிறேன் என்று சொன்னேன். வேண்டாம் என்பார் என்று உள்ளுக்குள் ஒரு ஆசை. அவர் சரி என்றுவிட்டார். நவம்பரிலிருந்து மாதம் 4,270 வீதம் நான்கு மாதம் பிடித்தம். அந்த வருடம் வீட்டில் பிள்ளைகளுக்கு மட்டும்தான் தீபாவளித் துணி.

அன்றைக்கு ராத்திரி அந்த வரியை ஒரு பேப்பரில் எழுதி, போன் செய்தவரின் ஒன்பதாயிரம் ரூபாய் பில்லை அதில் நடக்கவிட்டேன். ஊர் மதுரையா? உண்மை. ஊர் கோவையா? பொய். தொகை 25,000க்கு மேலா? பொய். ஆக, உண்மை ஆர் பொய் அண்ட் பொய். இதை நான் இடமிருந்து வலமாகப் படித்திருந்தேன். உண்மை ஆர் பொய், உண்மை; அதோடு அண்ட் பொய், கடைசியில் பொய். கணினி அப்படிப் படிக்காது. 2 + 3 × 4 என்றால் 20 என்று சொல்லக் கூடாது, பெருக்கலை முதலில் செய்து 14 என்று சொல்ல வேண்டும் என்று பள்ளியில் அடித்துச் சொல்லிக்கொடுத்தார்களே, அதே கதைதான். அண்ட் பெருக்கல் மாதிரி, ஆர் கூட்டல் மாதிரி. அண்ட் தன் இரண்டு பக்கத்தையும் முதலில் இழுத்துக்கொள்ளும். பொய் அண்ட் பொய், பொய். பிறகு உண்மை ஆர் பொய், உண்மை. ஒன்பதாயிரத்துக்குத் தள்ளுபடி உண்டு என்று தீர்ப்பு. நான் எழுதியதற்கு அர்த்தம் “மதுரை என்றால் கேள்வியே இல்லாமல் கொடு; கோவை என்றால் மட்டும் தொகையைப் பார்” என்பது. எண்ணிக்கை 171இலிருந்து 133 ஆனது கோவையின் 38 சின்னப் பில்கள் கழன்றதால். சரியாக எழுதியிருந்தால் 72தான் வந்திருக்கும். தப்பான வரி பாதி சரியாக வேலை செய்ததால்தான் ஏமாந்தேன். மொத்தமும் தப்பாக வந்திருந்தால் அன்றே பிடித்திருப்பேன். இந்த வரிசை சி, ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட், எஸ்கியூஎல் என்ற மற்ற கணினி மொழிகள் எல்லாவற்றிலும் ஒன்றுதான்: நாட் முதலில், பிறகு அண்ட், கடைசியில் ஆர். அதை மனப்பாடம் செய்ய வேண்டும் என்று நான் சொல்லவே மாட்டேன். அண்டும் ஆரும் ஒரே வரியில் சேர்ந்து வந்தால் அடைப்புக்குறி போட்டுவிடுங்கள், தேவைப்பட்டாலும் தேவைப்படாவிட்டாலும்:

இஃப் (ஊர் == "மதுரை" ஆர் ஊர் == "கோவை") அண்ட் தொகை > 25000:

இதில் எனக்கு ஆறாத ஒரு விஷயம் உண்டு. இதே தள்ளுபடியை ஐந்து வருடமாக எக்செல்லில் ஒரு தடவை கூடத் தப்பாகப் போட்டதில்லை. அங்கே ஆர் என்பது ஒரு ஃபங்ஷன். ஆர்(...) என்று எழுதி அதற்குள் இரண்டு ஊரையும் போட்டு, அதைத் தூக்கி அண்ட்(...) உள்ளே வைக்க வேண்டும். எது எதோடு சேரும் என்பதை எக்செல் அடைப்புக்குறி வழியாக நம் கையைப் பிடித்துச் சொல்ல வைத்துவிடுகிறது. பைத்தானில் பேச்சு மாதிரி வழவழவென்று எழுத விடுகிறார்கள், கை நழுவிவிட்டது.

சோதனையில் எங்கே விட்டேன் என்பதையும் சொல்ல வேண்டும், அடைப்புக்குறியை விட எனக்கு இது முக்கியமான பாடம். நான்கு பில் பார்த்தேன் அல்லவா? கோவை சின்னது, கோவை பெரியது, மதுரை பெரியது, சேலம் பெரியது. மதுரை சின்னதைப் பார்க்கவே இல்லை. கோவை சின்னது சரியாக இருந்தால் மதுரை சின்னதும் சரியாகத்தானே இருக்கும் என்று மனம் தானாகவே பூர்த்தி செய்துகொண்டது. வரியில் கோவையை முதலில் எழுதியிருந்தால் அதே சோதனையில் அப்போதே மாட்டியிருக்கும். இரண்டு கேள்வி இருந்தால் நான்கு விதமான பில் உண்டு, மூன்று கேள்விக்கு எட்டு, நான்கு கேள்விக்குப் பதினாறு. வகுப்பில் வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்த அட்டவணை இதற்குத்தான் என்று அன்றுதான் புரிந்தது. வரிசை வரிசையாகக் கோடு போட்டு, ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு பில்லை நிறுத்தி, விடை என்ன வர வேண்டும் என்று ஓட்டும் முன்பே எழுதிவிடுங்கள். ஓட்டிவிட்டுப் பார்த்தால், வந்த விடைக்கு மனம் ஒரு நியாயம் கண்டுபிடித்துவிடும். எல்லையில் நிற்கிற தொகையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சரியாக 25,000 ரூபாய்க்கு ஒரு கோவைப் பில் இருந்தது, என் வரியில் அது விழவில்லை. முதலாளி அகராதியில் “இருபத்தஞ்சுக்கு மேல” என்றால் இருபத்தைந்தும் சேர்த்தி. அவர் வாயால் கேட்டுத்தான் > என்பதை >= என்று மாற்றினேன்.

இதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். 2024 ஜனவரியில் பாக்கி வசூலுக்கு நினைவூட்டல் அனுப்பச் சொன்னார். “மதுரை, கோயமுத்தூர் பார்ட்டிகளுக்கு மட்டும் வேண்டாங்க, அவங்ககிட்ட நான் நேர்ல பேசிக்கறேன்.” தள்ளுபடி விவகாரத்துக்குப் பிறகு அந்த இரண்டு ஊர் என்றாலே எனக்குக் கொஞ்சம் நடுக்கம். ‘உம்’ என்று சொன்னால் ஆர் போட வேண்டும் என்று சூடு பட்டுக் கற்றிருந்தேனே, அதே பாடத்தை இங்கேயும் போட்டேன்:

இஃப் ஊர் != "மதுரை" ஆர் ஊர் != "கோவை":

ஒருவர் மிச்சமில்லாமல் எல்லோருக்கும் போய்விட்டது. மதுரைப் பில்லை நிறுத்திப் பாருங்கள். மதுரை இல்லையா? பொய். கோவை இல்லையா? ஆமாம், உண்மை. ஒன்று உண்மையானால் போதுமே, உள்ளே வா. கோவைப் பில்லுக்கும் அப்படியே. ஒரே ஊர்ப் பெயர் இரண்டுக்கும் சமமாக இருக்க முடியாது என்பதால் இந்த நிபந்தனை எப்போதும் உண்மை. மத்தியானம் கோவையிலிருந்து வயதான ஒரு பார்ட்டி கூப்பிட்டார். “முப்பது வருசமா சரக்கு எடுக்கறனுங்க. ஒரு தடவ கூட நீங்க பாக்கின்னு மெசேஜ் போட்டதில்லீங்க” என்றார். கோபப்பட்டிருந்தால் கூடத் தேவலை, அவர் குரலில் வருத்தம்தான் இருந்தது. இதில் ரூபாய் நஷ்டம் இல்லை. ஆனால் முதலாளி நேரில் போய் அவர் கடையில் உட்கார்ந்து காபி குடித்துவிட்டு வர வேண்டியிருந்தது. நானும் கூடப் போனேன்.

இதில் வேடிக்கை என்னவென்றால், இந்தத் தடவை நம் தமிழ்க் காது சரியாகத்தான் சொல்லியிருந்தது. விலக்கும்போது நாம் எப்படிப் பேசுவோம்? “மதுரையும் வேண்டாம், கோவையும் வேண்டாம்.” அந்த உம்-உம் அசல் அண்ட். சேர்க்கும்போது வருகிற உம்முக்கு ஆர், விலக்கும்போது வருகிற உம்முக்கு அண்ட். “டீயும் வேண்டாம், காபியும் வேண்டாம்” என்று சொல்கிறவரிடம் யாராவது ஒன்றைக் கொண்டுபோய் நீட்டுவார்களா? நான் நீட்டியிருக்கிறேன். நாட் என்பதை அடைப்புக்குறிக்குள் தள்ளினால் உள்ளே இருக்கிற ஆர் அண்டாகப் புரண்டுவிடும், அண்ட் ஆராகிவிடும். இதற்கு டி மார்கன் விதி என்று பெயர். பெயரைத் தேடிப் படித்தபோது சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அகஸ்டஸ் டி மார்கன் 1806இல் பிறந்தது மதுரையில். அப்பா கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் அதிகாரி. கைக்குழந்தையாகவே இங்கிலாந்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள், பின்னாளில் லண்டனில் கணிதப் பேராசிரியர் ஆனார். அவருடைய தர்க்க நூல் 1847இல் வந்தது. உண்மை, பொய் என்பதை இயற்கணிதம் மாதிரி போட்டுப் பார்க்கலாம் என்று ஜார்ஜ் பூல் தன் முதல் தர்க்க நூலை வெளியிட்டதும் அதே 1847தான். என்னைச் சிக்க வைத்த ஊரும் மதுரை, சிக்கை அவிழ்த்தவர் பிறந்த ஊரும் மதுரை. முதலாளியிடம் இதைச் சொன்னேன். “அந்தப் பார்ட்டிக்கும் தள்ளுபடி போட்டுட்டீங்களா?” என்றார்.

மற்றவை சின்னச் சின்ன இடறல்கள், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். சராசரிப் பில் பத்தாயிரத்துக்கு மேல் இருக்கிற பார்ட்டிகளை எடுக்க, மொத்தம் / எண்ணிக்கை > 10000 அண்ட் எண்ணிக்கை > 0 என்று எழுதினேன். அந்த வருடம் சரக்கே எடுக்காத பார்ட்டி வந்ததும் பூஜ்யத்தால் வகுக்க முடியாது என்று நின்றுவிட்டது. அண்ட் இடப்பக்கம் பொய் என்று தெரிந்த உடனே வலப்பக்கத்தைப் பார்க்காமலே போய்விடும், ஆர் இடப்பக்கம் உண்மை என்றால் அப்படி. அதனால் காவல் கேள்வி இடப்பக்கம் நிற்க வேண்டும். எண்ணிக்கை > 0 என்பதை முன்னால் நகர்த்தினேன், சரியாகிவிட்டது. இன்னொன்று, பைத்தானில் 25000 <= தொகை <= 50000 என்று கணக்குப் புத்தகத்தில் இருப்பது போலவே எழுதலாம். அந்தப் பழக்கத்தில் கூகுள் ஷீட்டுக்கான ஸ்கிரிப்ட்டிலும் அப்படியே எழுதினேன். அது ஜாவாஸ்கிரிப்ட். முதல் பாதிக்கு விடை உண்மை அல்லது பொய். அதை 1 அல்லது 0 என்று எடுத்துக்கொண்டு 50,000ஐ விடச் சின்னதா என்று பார்க்கிறது. எப்போதும் சின்னதுதானே! அங்கே && போட்டு இரண்டு கேள்வியாகத்தான் எழுத வேண்டும். பைத்தானில் அட்டவணைகளைக் கையாள உதவுகிற பாண்டாஸ் பக்கம் போனால் அண்ட், ஆர் செல்லாது; &, | என்ற குறிகள், ஒவ்வொரு ஒப்பீட்டையும் அடைப்புக்குறிக்குள் போட்டே ஆக வேண்டும், ஏனென்றால் அந்தக் குறிகள் == என்பதை விட முந்திக்கொள்ளும். நல்லவேளை, அங்கே மறந்தால் பெரும்பாலும் பிழைச் செய்தி கத்திவிடும். கத்துகிற பிழை எவ்வளவோ தேவலை.

இப்போது ஒரே வரியில் எல்லாவற்றையும் அடைக்கிற வேலையை விட்டுவிட்டேன். ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு பெயர். ஊர்_சரி = ஊர் இன் ["மதுரை", "கோவை"], அடுத்த வரியில் தொகை_சரி = தொகை >= 25000, கடைசியில் இஃப் ஊர்_சரி அண்ட் தொகை_சரி. சந்தேகம் வந்தால் ஒவ்வொரு பெயரையும் தனியாகத் திரையில் அச்சிட்டுப் பார்க்கலாம். எட்டு மாதம் கழித்துத் திறந்தாலும் என்ன நினைத்து எழுதினேன் என்று தெரிகிறது. பட்டியல் வந்த பிறகு எண்ணிக்கையை டேலியோடு ஊர்வாரியாக ஒத்துப்பார்க்காமல் ஒரு மெசேஜும் போகாது. பத்து நிமிடம் கூடுதலாகும், போகட்டும்.

போன ஆடிக்கு முதலாளி புது விதி ஒன்று சொன்னார். “மதுரை கோயமுத்தூர்ல இருபத்தஞ்சாயிரம் ஆனவங்களுக்குக் குடுங்க, பழைய பாக்கி இல்லாதவங்களுக்கும் குடுங்க.” கம்ப்யூட்டரைத் தொடவில்லை. ஒரு பழைய பில் தாளின் பின்பக்கத்தில் கோடு போட்டு எட்டு வரிசை எழுதினேன். ஊர், தொகை, பாக்கி இல்லை. ஒவ்வொன்றுக்கும் ஆமாம், இல்லை. அதை எடுத்துக்கொண்டு போய் அவர் மேஜையில் வைத்து, வரிசை வரிசையாகக் கேட்டேன். மதுரை, முப்பதாயிரம், பாக்கி இல்லை, குடுக்கலாங்களா? குடுக்கலாம். மதுரை, முப்பதாயிரம், பாக்கி இருக்கு? கொஞ்சம் யோசித்து, “குடுங்க, ரெகுலர் பார்ட்டி” என்றார். வேகமாகப் போய்க்கொண்டிருந்தது. ஏழாவது வரிசையில் விரலை வைத்தேன். சேலம், மூவாயிரம் ரூபாய் பில், பாக்கி இல்லை.

முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அத நான் யோசிக்கவே இல்லீங்களே தம்பி” என்றார். பிறகு தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, நாளைக்குச் சொல்கிறேன் என்று எழுந்து போனார்.